வரி முந்துகிறது, வடிகால் பிந்துகிறது

ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியானது. அதன் பிறகு தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் மக்கள் ஆட்சியர் அலுவலகங்களுக்கு மனுவோடு வந்தார்கள். சில இடங்களில் சாலை மறியல் நடந்தது. 'எங்கள் ஊரை நகரத்தோடு சேர்க்காதீர்கள்' என்பதே அவர்களின் கோரிக்கை. அந்தக் கூட்டங்களில் முன்வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

நகரமாவது முன்னேற்றம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். அப்படியிருக்க, அதை வேண்டாம் என்று மக்கள் மறுப்பது ஏன்? அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பக்கத்து ஊர் நகரத்தோடு சேர்ந்த பிறகு அங்கே என்ன நடந்தது என்று அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். வீட்டு வரி உடனே உயர்ந்தது. பாதாளச் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் பத்து ஆண்டு கழித்தும் வந்து சேரவில்லை. மக்களின் அச்சத்துக்கு வேர் இந்த அனுபவம்தான்.

பாதி தமிழ்நாடு நகரம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. அதில் 48.4% பேர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தார்கள். அதே ஆண்டில் இந்தியாவின் சராசரி 31% மட்டுமே. 1991இல் தமிழ்நாட்டின் நகர்ப்புறப் பங்கு 34%ஆக இருந்தது. இருபதே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய மாற்றம்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் நகரவாசிகள் என்று அது சொன்னால் யாரும் வியக்கப்போவதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. ஓர் ஊரில் 5,000 பேருக்குமேல் வசித்து, வேலை செய்யும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் விவசாயம் அல்லாத தொழிலில் இருந்து, ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் வாழ்ந்தால், கணக்கெடுப்புத் துறை அதை நகரம் என்று பதிவுசெய்கிறது. அரசு அதை ஊராட்சியாகவே வைத்திருந்தாலும் கணக்கெடுப்பில் அது நகரம்தான். இவற்றைக் 'கணக்கெடுப்பு நகரங்கள்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட ஊர்கள் 2001இல் 111 இருந்தன; 2011இல் 376 ஆகிவிட்டன.

வாழ்க்கை நகரத்தினுடையது, நிர்வாகம் கிராமத்தினுடையது என்ற இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் தமிழ்நாட்டின் இன்றைய நகர்மயமாதல் நடக்கிறது. மாநகரத்தின் மையத்தைவிட, அதன் விளிம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவசரமாகிறது.

ஏன் இவ்வளவு வேகம்?

'கிராமத்தை விட்டு மக்கள் பட்டணத்துக்குப் போகிறார்கள்' என்பது பழைய விளக்கம். அது இன்றும் ஓரளவுக்கு உண்மை. ஆனால், தமிழ்நாட்டில் அதற்கு இணையாக இன்னொன்றும் நடந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வேலையும் சாலையும் மனை விற்பனையும் அவர்களைத் தேடி வந்தன.

முதல் காரணம் விவசாயம். நிலம் துண்டு துண்டாகிவிட்டது. ஆழ்துளைக் கிணற்றுக்கும் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் ஆகும் செலவு, விளைச்சல் விற்ற பணத்தில் திரும்பி வருவதில்லை. படித்த பிள்ளைகள் வயலுக்கு வருவதில்லை. வர வேண்டும் என்று பெற்றோரும் விரும்புவதில்லை.

இரண்டாவது, தொழில்கள் ஒரே நகரத்தில் குவியாமல் பரவியிருப்பது. பின்னலாடைக்குத் திருப்பூர், வீட்டு உபயோகத் துணிக்குக் கரூர், பட்டாசுக்கும் அச்சுக்கும் சிவகாசி, லாரி கூண்டு கட்டுவதற்கு நாமக்கல் - திருச்செங்கோடு, தோலுக்கு ஆம்பூர் - வாணியம்பாடி, மோட்டார் பம்புகளுக்குக் கோவை, வாகனத் தொழிற்சாலைகளுக்கு ஓசூரும் ஸ்ரீபெரும்புதூரும். இந்த ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து நிறுவனப் பேருந்தில் ஏறி வேலைக்குப் போய், இரவு ஊர் திரும்புகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் இதே கிராமங்களில்தான் வரிசை வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

மூன்றாவது, டவுன் பஸ். தமிழ்நாட்டின் சிற்றூர்கள் பலவற்றுக்கும் பேருந்து போகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபின், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் கிடைக்கும் வேலைக்கும் பெண்கள் போய்வர முடிகிறது. ஊரை விட்டுப் பெயராமலேயே நகரத்து ஊதியம் வீட்டுக்கு வருகிறது.

நான்காவது, மனை வணிகம். நான்குவழிச் சாலை வந்த இடங்களில் வயல்கள் மனைகளாயின. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவுசெய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்தது. அடுத்த ஆண்டு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. சாலை அகலம், வடிகால், பொது இடம் எதுவும் இல்லாமல் எத்தனை குடியிருப்புகள் உருவாகியிருந்தன என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

விளிம்பு தாங்கும் சுமை

நகரம் தனக்கு வேண்டாதவற்றை விளிம்புக்கு அனுப்புகிறது. தனக்கு வேண்டியதை அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. இது எந்த ஒரு கட்சியின் ஆட்சியிலும் தொடங்கி முடிந்த கதை அல்ல; பல பத்தாண்டுகளாகத் தொடரும் நடைமுறை.

சென்னையின் குப்பை பெருங்குடிக்குப் போனபோது பெருங்குடி சென்னைக்கு வெளியே இருந்த பேரூராட்சி. அந்தக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். கோவை மாநகரத்தின் குப்பை வெள்ளலூருக்குப் போகிறது; வெள்ளலூர் இன்னொரு உள்ளாட்சி. குப்பையை உண்டாக்குகிறவர்கள் ஓரிடம், அதன் புகையை மூச்சில் வாங்குகிறவர்கள் வேறிடம்.

தண்ணீருக்கும் இதே நிலைதான். கோடையில் சென்னைக்கும் அதன் ஐ.டி. நெடுஞ்சாலைக்கும் லாரிகளில் போகும் தண்ணீர், புறநகர் ஊராட்சிகளின் விவசாயக் கிணறுகளிலிருந்தும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் உறிஞ்சப்படுகிறது. 2019 வறட்சியில் ஏரிகள் வறண்டபோது இந்தக் கிராமங்களின் நிலத்தடி நீரை நம்பித்தான் மாநகரம் பல வாரங்களைக் கடத்தியது. அதற்குப் பதிலாக அந்த ஊர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர் இல்லை.

ஏழை மக்களையும் விளிம்புக்குத்தான் அனுப்பினோம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. அப்போது அது ஒக்கியம் துரைப்பாக்கம் ஊராட்சி. பின்னர் பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. பெரும்பாக்கமும் ஓர் ஊராட்சி. ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகையை ஒரே ஊராட்சிக்குள் குடியமர்த்தினோம். வீட்டு வேலை, கட்டுமான வேலை, மீன் விற்பனை என்று நகர மையத்தில் பிழைத்தவர்கள், வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இருபது, முப்பது கிலோமீட்டர் அலைய வேண்டியதாயிற்று. பலர் வேலையை இழந்தார்கள். பல பிள்ளைகளின் படிப்பு நின்றது.

நூறு நாள் வேலை என்ற ஊன்றுகோல்

இணைப்பை எதிர்க்கும் பெண்கள் முதலில் சொல்வது நூறு நாள் வேலையைப் பற்றித்தான். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பெயரும் விதிகளும் எப்படி மாறினாலும், அது ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. ஊராட்சி நகராட்சியோடு சேர்ந்தால் வேலை அட்டை செல்லாது.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் பெண்கள். 2025-26ஆம் ஆண்டுக்கு இங்கே நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். ஆண்டுக்கு ஐம்பது நாள் வேலை கிடைத்தால்கூட 16,800 ரூபாய். நிலமில்லாத, வயதான, கணவரை இழந்த பெண்களுக்கு இது கையில் வரும் சொந்தப் பணம். அறுபது வயதில் எந்தத் தொழிற்சாலையும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாது. ஊர் நகரமானதால் அவர்களுக்கு நகரத்து வேலை கிடைத்துவிடாது.

வீடும் இதில் சேரும். குடிசைகளை மாற்றி, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் ஊரகப் பகுதிகளுக்கானது. மத்திய அரசின் வீட்டு வசதித் திட்டத்தில் ஊரகத்துக்கு ஒரு விதி, நகர்ப்புறத்துக்கு வேறு விதி. பட்டியலில் பெயர் வந்து காத்திருக்கும் குடும்பம், ஊர் நகராட்சியோடு சேர்ந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரலாம்.

அதேநேரத்தில், புறவழிச் சாலையோரம் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இணைப்பு நல்ல செய்திதான். நிலத்தின் மதிப்பு உயர்கிறது. அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கு, களை பறித்தவருக்கு அந்த உயர்வில் பங்கு இல்லை. நகர்மயமாதலால் யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பட்டாவில் விடை இருக்கிறது.

2011 கற்றுத்தந்த பாடம்

2011இல் சென்னை மாநகராட்சியோடு 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் இணைந்தன. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. அதே காலத்தில் கோவை, மதுரை மாநகராட்சிகளும் விரிந்து, ஒவ்வொன்றும் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகள் ஆயின.

சென்னையோடு சேர்ந்த பகுதிகளுக்கு என்ன கிடைத்தது? அம்பத்தூர், மாதவரம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் மண்டலங்களின் பல பகுதிகளில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் குழாய்க் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் முழுமையாகப் போய்ச்சேரவில்லை. கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரியை அழைப்பதும், குடிக்கக் கேன் வாங்குவதும், மற்ற தேவைக்கு லாரித் தண்ணீர் வாங்குவதும் அங்குள்ள குடும்பங்களின் மாதச் செலவில் சேர்ந்தன. வடசென்னைப் புறநகர்களுக்கான கொசஸ்தலையாறு வடிநிலப் பெருந்திட்டம், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு, 2020களில்தான் வேலையைத் தொடங்கியது. அதற்குமுன் 2015 பெருவெள்ளம் வந்து போய்விட்டது.

வடிகால் அமைக்கச் செலவு அதிகம், காலமும் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால், வீடுகள் நெருங்கிக் கட்டிய பிறகு தெருவைத் தோண்டிக் குழாய் பதிக்க ஆகும் செலவு, மனை பிரிக்கும்போதே பதிக்க ஆகும் செலவைவிடப் பல மடங்கு. பிந்துவதால் செலவு கூடுகிறது; அந்தச் செலவையும் வரி கட்டுகிற மக்களே சுமக்கிறார்கள்.

ஏரியைக் காக்க ஆளில்லை

புறநகர் வெள்ளத்துக்கு மழையை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிகள் சங்கிலிபோல் அமைந்தவை. மேலே உள்ள ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக நீர் வழிந்து, வாய்க்காலில் ஓடி, கீழே உள்ள ஏரிக்குப் போகும். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நீர்நிலைகளின் உபரிநீர் கடைசியில் வந்து சேரும் இடம்தான் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்.

ஏரியின் கீழ் வயல் இருந்தவரை ஏரிக்குக் காவல் இருந்தது. மதகு பழுதானால், வாய்க்கால் தூர்ந்தால், பயிர் வைத்தவர்களுக்கு உடனே தெரியும். அவர்களே சேர்ந்து சரிசெய்தார்கள், அல்லது அதிகாரிகளிடம் போய் நின்றார்கள். வயல் மனையானதும் அந்த ஏரியைச் சார்ந்து பிழைப்பவர் எவரும் இல்லை. வாய்க்கால் தெருவாகிறது. கலங்கலுக்கு எதிரே வீடு எழுகிறது. ஏரி நிறையக் கூடாது என்று அங்கே குடிவந்தவர்களே நினைக்கத் தொடங்குகிறார்கள்.

1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் பள்ளிக்கரணை, இன்று அதில் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது இடம்பெற்றது மகிழ்ச்சியான செய்தி. ஆனால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் மூழ்கின. அடையாற்றங்கரையின் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015இல் பட்ட துன்பத்தை மீண்டும் பட்டன.

அரசும் இதில் முன்மாதிரியாக நடந்துகொள்ளவில்லை. 1920களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மதுரையில் தல்லாகுளம் கண்மாயிலும் உலகனேரிக் கண்மாயிலும் அரசுக் கட்டடங்கள் எழுந்தன. அரசு செய்ததைப் பார்த்து மனை வணிகரும் செய்தார்.

குரல் சிறுத்துப்போகிறது

மூவாயிரம் பேர் வாழும் ஊராட்சிக்கு ஒரு தலைவரும் வார்டு உறுப்பினர்களும் இருப்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று மக்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடும். தீர்மானம் போடலாம், கணக்குக் கேட்கலாம்.

மாநகராட்சியோடு சேர்ந்ததும் அந்த ஊர் முழுவதும் ஒரு வார்டின் மூலையாகிவிடுகிறது. சென்னையில் 200 மாமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். விரிந்த மாநகரத்தின் 2011 மக்கள்தொகையை வைத்துக் கணக்குப் பார்த்தாலே ஓர் உறுப்பினருக்குச் சுமார் 33,000 பேர். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் ஊராட்சித் தலைவர் பதவியில் கிடைத்த இட ஒதுக்கீட்டு வாய்ப்புகளும் அந்த ஊராட்சிகளோடு மறைகின்றன.

நகர்ப்புறங்களுக்கும் வார்டுக் குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022இல் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கவும் செய்தன. கிராம சபையைப் போல அவை மக்கள் வாழ்க்கையில் இன்னும் வேரூன்றவில்லை.

இணைப்பு அறிவிப்பு வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அந்த ஊர்களின் எதிர்காலம் முடிவாகும் வேளையில், ஊருக்காகப் பேச ஊர் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரோ உறுப்பினரோ பதவியில் இல்லை.

இணைப்பே வேண்டாமா?

இதையெல்லாம் சொல்வதால் ஊராட்சிகள் அப்படியே இருந்துவிட வேண்டும் என்று பொருளில்லை. இருபதாயிரம் பேர் வாழும் ஊரை ஒரு செயலரையும் சில தூய்மைக் காவலர்களையும் வைத்து நடத்த முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் ஏரியில் கலக்கும்போது தட்டிக்கேட்கும் பொறியாளர் ஊராட்சியில் இல்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் நிதியும் இல்லை. எதிர்ப்பு வலுத்தது என்பதற்காக இந்த ஊர்களைக் கைவிடுவதும் தவறே.

கிராமம் எல்லாருக்கும் இனிமையான இடமாக இருந்ததும் இல்லை. ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடந்த இடம் அது. கிராமத்தைச் சாதியின் கோட்டையாகக் கண்ட அம்பேத்கர், அதைக் கொண்டாட மறுத்தார். நகரத்தின் பேருந்தும் தொழிற்சாலையும் கல்லூரியும் எத்தனையோ பேருக்கு முதல் விடுதலையைத் தந்தன. வாடகை வீடு தேடும்போது நகரமும் சாதி கேட்கிறது என்பது கசப்பான உண்மை. என்றாலும், நகரம் திறந்த கதவுகள் மூடக் கூடாதவை.

ஆகவே, ஊர் எந்தப் பெயரில் இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. 2004இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் சிறப்பு ஊராட்சிகளாக மாறின. 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. பெயர் இருமுறை மாறியதால் எந்தத் தெருவிலும் வடிகால் தானாக வந்துவிடவில்லை. பெயரோடு பணம், பணியாளர், பொறுப்பு மூன்றும் வருகின்றனவா என்பதே முதல் கேள்வி.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்திருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் பெரும் வயல்வெளிகளும் ஏரிகளும் அதற்குள் இருக்கின்றன. அங்கே பெரும்பகுதி இன்னும் மனையாகவில்லை. பெருங்குடியிலும் முடிச்சூரிலும் செய்த தவற்றைச் செய்யாமலிருக்க இன்னும் நேரம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

1. இணைப்புக்கு முன் வசதிக் கணக்கு. ஒவ்வோர் ஊராட்சியிலும் எத்தனை வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் உண்டு, எத்தனை தெருக்களில் வடிகால் இல்லை, குப்பை எங்கே போகிறது, எத்தனை குடும்பங்கள் ஊரக வேலைத் திட்டத்தை நம்பியிருக்கின்றன என்று கணக்கெடுத்து, ஊர்ப் பொது இடத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். எந்த வசதி எந்த ஆண்டில் வரும், அதற்கான நிதி எங்கிருந்து வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

2. வசதி வந்த பிறகே முழு வரி. இணைந்த முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பழைய வரியே தொடரட்டும். குடிநீர், வடிகால், பாதாளச் சாக்கடை ஒவ்வொன்றும் தெருவுக்கு வந்த பிறகு படிப்படியாக உயர்த்தலாம். இது நடக்காத காரியம் அல்ல. 2022இல் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 50%, 2011இல் இணைந்த பகுதிகளில் 25% என்று அரசே வேறுபடுத்தியிருக்கிறது. அந்த வேறுபாட்டை வசதியோடு இணைத்தால் போதும்.

3. வேலை உறுதி அறுபடக் கூடாது. கேரளம் 2010இலேயே அய்யங்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடும் சிறிய அளவில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை முயன்றிருக்கிறது. புதிதாக இணையும் ஊர்களில் பழைய அட்டை வைத்திருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் அதை விரிக்க வேண்டும். ஏரிக் கரை பலப்படுத்துதல், வாய்க்கால் தூர்வாருதல், நாற்றங்கால், குப்பை பிரித்தல் என்று செய்வதற்கு வேலை நிறையவே இருக்கிறது.

4. மனைக்கு முன் நீர்வழி வரைபடம். வருவாய்த் துறை, நீர்வளத் துறை, நகர் ஊரமைப்புத் துறை மூன்றும் சேர்ந்து, ஒவ்வோர் ஏரியின் நீர்பிடிப்புப் பகுதி, கலங்கல், உபரிநீர் வாய்க்கால் ஆகியவற்றை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். அந்த வரைபடத்தில் வாய்க்கால் இருக்கும் புல எண்ணில் மனைப் பிரிவுக்கு அனுமதி கூடாது. பெரிய மனைப் பிரிவுகளில் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கும் 10% நிலத்தை மூலையில் வாங்கிப் போடாமல், வாய்க்கால் ஓரமாகப் பெறலாம். மழைநீருக்கும் பிள்ளைகள் விளையாடவும் அது உதவும்.

5. பழைய ஊருக்கு ஒரு சபை. இணைந்த ஒவ்வோர் ஊராட்சியும் தனிப் பகுதி சபையாகத் தொடர வேண்டும். கிராம சபை கூடிய அதே நாட்களில் அது கூடட்டும். அந்தப் பகுதியில் வசூலான வரி எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்ற கணக்கு அங்கே வாசிக்கப்பட வேண்டும். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் பழக்கமும் முடிவுக்கு வர வேண்டும்.

6. ஊராட்சியாகத் தொடரும் பெரிய ஊர்களுக்குக் கூட்டு ஏற்பாடு. எல்லா ஊர்களையும் மாநகராட்சியோடு சேர்ப்பது தேவையற்றது. நான்கைந்து ஊராட்சிகள் சேர்ந்து ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், ஒரு குப்பைப் பிரிப்பு மையம், ஒரு பொறியாளர், ஒரு சுகாதார ஆய்வாளர் என்று வைத்துக்கொள்ளலாம். தகுதியுள்ள ஊர்கள் முதலில் பேரூராட்சியாகி, வளர்ந்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

7. விளிம்புக்குத் தள்ளுவதை நிறுத்துதல். ஆற்றங்கரைகளிலிருந்து மாற்ற வேண்டிய குடும்பங்களுக்கு, அவர்கள் பிழைக்கும் இடத்துக்கு அருகிலேயே, மையத்தில் உள்ள அரசு நிலங்களில் வீடு தர வேண்டும். ஒவ்வொரு மாநகராட்சியும் தன் குப்பையைத் தன் எல்லைக்குள்ளேயே கையாள வேண்டும். புறநகர் ஊராட்சியிலிருந்து தண்ணீர் எடுத்தால் அந்த ஊராட்சிக்கு உரிய தொகையைக் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் அங்குள்ள ஏரிகளுக்கே செலவாக வேண்டும்.

இவற்றில் எதுவும் எட்டாத கனவு அல்ல. பெரும்பாலானவற்றுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, துறை இருக்கிறது, முன்னுதாரணமும் இருக்கிறது. வரிசையை மாற்றும் உறுதிதான் தேவை: முதலில் நீர்வழி, பிறகு மனை, முதலில் வசதி, பிறகு வரி, முதலில் மக்களிடம் கேட்பது, பிறகு அரசாணை.

அடுத்த இணைப்பு அரசாணை வெளிவரும்போது, ஊர்ப் பெயர்களின் பட்டியலோடு, எந்த ஊருக்கு எந்த ஆண்டில் என்ன வந்து சேரும் என்ற பட்டியலும் அதில் இருக்க வேண்டும். அது இருந்தால், மனுவோடு வரும் பெண்களுக்கு ஆட்சியரிடம் பதில் இருக்கும். இல்லையென்றால், அவர்கள் எதிர்ப்பது முழுக்க நியாயம்.